சிவப்பு மேலே, மஞ்சள் கீழே

“எது மேல?”

“செவப்பு.”

“எவ்ளோ?”

“ஒரு வெரல் இருக்கும்.”

“வெரல்னா சுண்டு வெரலா, கட்ட வெரலா? செரியா பாத்து சொல்லு மங்களம்.”

“சுண்டு வெரல்தான். செவப்பு மேல, மஞ்ச கீழ. எறக்குங்க, கண்ணெல்லாம் மண்ணு.”

ரிமோட்டில் ஓடும் அந்தச் சின்ன ஹெலிகாப்டர் இறங்கி, வறண்ட ஏரித் தரையில் உட்கார்ந்தது. உத்தமன் குந்தி, சிவப்பு டேப் ஒட்டிய றெக்கையின் அடியிலிருந்த சிறு கம்பியை அரைச் சுற்று திருப்பினார். இரண்டு றெக்கைகளும் ஒரே மட்டத்தில் சுற்ற வேண்டும்; இல்லையென்றால் உடம்பு முழுவதும் நடுங்கும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும். மறுபடி மேலே ஏற்றினார். சிவப்பும் மஞ்சளும் நெருங்கி, ஒன்றில் ஒன்று கரைந்து, காற்றில் ஒரே ஆரஞ்சுக் கோடாயின.

“ஒண்ணாயிடுச்சி.”

“நெஜமா?”

“சாமி சத்தியமா.”

“உன் கண்ணு மட்டும் இல்லன்னா இத எப்பவோ காயலாங்கடைல போட்டிருப்பேன். என்னா வேணும் உனக்கு, கேளு. இன்னிக்கி ரொம்ப குஷியா கீறேன்.”

அவள் அவர் கழுத்தில் மாட்டியிருந்த ரிமோட்டைப் பார்த்தாள். இரண்டு சின்னக் குச்சிகள், அவற்றின் மேல் அவருடைய இரண்டு கட்டைவிரல்கள். கேள்வி தொண்டை வரை வந்தது.

“ஒண்ணும் வேணாம். பசிக்குது, வாங்க.”

*

“மங்களம், வால நல்லா புடிம்மா. நெலப்படியில இடிக்கப் போவுது.”

அய்யாவுவின் குரல் அவளை ஏரியிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்தது. ஹெலிகாப்டரின் மூக்கு அவர் கையிலும் வால் அவள் கையிலும் இருந்தன. அய்யாவு உத்தமனின் அண்ணன். செய்தி கேட்டதும் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஆட்டோவில் வந்தவர், சட்டையில் ஒரு பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். அது இருந்த கூடத்து மேசையை வெளியே எடுத்தால்தான் பெஞ்ச் போட முடியும். பெஞ்ச் போட்டால்தான் உத்தமனை உள்ளறையிலிருந்து கொண்டுவந்து படுக்கவைக்க முடியும்.

விடியும்போது காப்பி கொண்டுபோய்த் தோளைத் தொட்டாள். அவர் எழவில்லை. தெருமுனை டாக்டர் லுங்கியோடே ஓடிவந்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். “தூக்கத்துலயே போயிட்டாரு. வலியே தெரிஞ்சிருக்காதும்மா” என்று சொல்லிவிட்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் காப்பி டம்ளரைப் பார்த்தார். மகள் சௌம்யா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். மங்களத்துக்கு அழுகை வரவில்லை. எல்லாமே சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. ஆட்கள் வாயசைத்தார்கள். சொற்கள் பிறகு மெல்ல வந்து சேர்ந்தன.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பறக்கும் நாள்.

ஹெலிகாப்டரை வாசலில், போர்டிகோ என்று உத்தமன் கேலியாகச் சொல்லும் அந்த நாலடி இடத்தில் வைத்தார்கள். அய்யாவு மூக்கைத் தரையில் வைத்ததும் பின்பக்கம் சாய்ந்தது. மங்களம் வாலைப் பிடித்துக்கொண்டே மெதுவாக உட்கார்ந்து, அதன் கால்களான சறுக்குக் கம்பிகள் இரண்டும் சிமெண்டில் படிந்த பிறகுதான் கையை விட்டாள்.

ஆடுகோடியில் உத்தமன் லேத் ஓட்டிய பட்டறையின் முதலாளி மகன், வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து ஒரே வாரத்தில் கீழே போட்டு உடைத்தது அது. பட்டறை மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. “எடுத்துட்டுப் போறதுன்னா போங்க” என்றார்கள். சௌம்யா அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். இவர் எடுத்து வந்தார். சாக்கைப் பிரித்துக் கொட்டியபோது அது ஏதோ பெரிய பூச்சியின் எலும்புபோல் இருந்தது. “இதையா மூணு பஸ்ஸு மாறி தூக்கினு வந்தீங்க?” என்று மங்களம் கேட்டாள். பிறகு அவளே அருகில் உட்கார்ந்து, உருண்டோடிய திருகுகளைத் தேடிக் கொடுத்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அரிசியில் கல் பொறுக்கிய கண்.

றெக்கைகளைத் தாங்கும் நடுக்கம்பி வளைந்திருக்கிறதா என்று பார்க்க, சமமான கண்ணாடி மேல் அதை உருட்ட வேண்டும். வீட்டில் இருந்ததிலேயே நல்ல கண்ணாடி கல்யாணப் போட்டோவுக்குப் போட்டது. ஹெலிகாப்டர் விழும் ஒவ்வொரு தடவையும் போட்டோ சுவரிலிருந்து இறங்கும். மாலையும் கழுத்துமாக இருக்கும் இருவர் முகத்தின் மேலும் கம்பி கலகலவென்று உருளும்.

“என் மூக்கு மேல தடுக்குது பாருங்க.”

“உன் மூக்கு அப்பிடி. கம்பி நேராத்தான் கீது.”

எதிர்வீட்டு முத்தம்மா இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, சக்களத்திய கொண்டாந்து நடு ஊட்ல வெச்சிட்டு, அதுக்கு உன் கல்யாண போட்டோவ வேற பாயா போட்டிருக்கான் பாரு!” அன்றிலிருந்து தெருவில் ஹெலிகாப்டருக்கு அதுதான் பெயர். “என்னா மங்களம், உன் சக்களத்தி எப்பிடி கீறா?” “றெக்க ஒடஞ்சி கெடக்கறா.” மங்களம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அவளுக்குப் பொறாமை இருந்தது உண்மைதான். ஆனால் ஹெலிகாப்டர் மேல் இல்லை. அவர் மேல்.

அது தரையை விட்டுக் கிளம்பும் அந்தக் கணம், எடை இழந்து, போகலாமா வேண்டாமா என்று தயங்கி, பிறகு தானே எழும் அந்தக் கணம் அவருடைய கட்டைவிரலுக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இடது குச்சியை மெல்ல ஏற்றினால் மேலே போகும். வலது குச்சியை எங்கே சாய்க்கிறோமோ அங்கே சாயும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும். அதனால் இரண்டு விரல்களும் ஒருநொடிகூட ஓயாமல், வெளியே தெரியாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருந்தாள். ஏரிக்கரையில் முந்தானைக்குள் அவளுடைய விரல்களும் அசையும். அவர் செய்வதற்கு அரைக்கணம் முன்னாலேயே சில நேரம் அவள் விரல் சாய்ந்துவிடும். பால் பொங்கக் காத்திருக்கையில், பஸ்ஸில் நிற்கையில், தூக்கம் வருவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, எத்தனையோ முறை அவள் அதை மேலே ஏற்றி, அந்தரத்தில் நிறுத்தி, பூப்போல் இறக்கியிருக்கிறாள்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அதுதான் கஷ்டம். கொடுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். கீழே விழுந்தால் “பரவால்ல வுடு” என்பார். பிறகு மாதக்கணக்கில் எங்கிருந்தோ சாமான் வரக் காத்திருப்பார். அதை நினைத்தே கேள்வி ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிற்றுக்குப் போயிற்று.

நேற்று மாலைதான் ஒரு பெரிய பழுது வேலை முடிந்தது. நடுக்கம்பி புதிது, வால்குழாய் புதிது, றெக்கைகள் புதியவை. இரண்டையும் அடிப்பக்கம் சேர்த்துத் திருகி, நூலில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். மஞ்சள் பக்கம் மேலே எழுந்தது. அவள் இன்னொரு சுற்று டேப் ஒட்டினாள். சமமானது. “நாளைக்கு பாரு, வெண்ண மாதிரி ஏறும்” என்றார். ரசத்துக்குப் புளி கரைத்தபடியே அவள் முடிவு செய்தாள். நாளை கேட்டுவிடுவது. இறங்கினதும் உடனே. பசிக்குது என்று சொல்லாமல்.

*

கூடத்தைக் கழுவிவிட்டார்கள். உத்தமனைப் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் விளக்கேற்ற எண்ணெய் தேடிச் சமையலறைக்குப் போன முத்தம்மா, அலமாரியில் விளக்கெண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்து எடுத்து வந்தாள். அது சமையலறையில் இருந்தாலும் சமையலறையைச் சேர்ந்ததல்ல. எஞ்சினுக்கு மெத்தனாலோடு கலக்க உத்தமன் வாங்கி வைத்தது. திரி பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை கூடத்தில் பரவியது. கனத்த, இனிப்பான, எண்ணெய் கருகும் வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சட்டையிலும் அவளுடைய தலைமுடியிலும் திங்கள்வரை தங்கியிருக்கும் வாசனை.

மங்களம் கண்ணை மூடினாள். ஏரியில் எஞ்சின் கிளம்பியது. கரையோரப் புல் படுத்துக்கொண்டது. கொக்குகள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தன. உத்தமன் முதுகு காட்டி நின்றார். சூரியன் அவர் காதுமடல் வழியே சிவப்பாகத் தெரிந்தது.

வெளியே வண்டி ஹாரன் இரண்டு முறை அடித்தது.

அவள் எழுந்துவிட்டாள். கை தானாகவே மூலையிலிருந்த சாப்பாட்டுக் கூடையைத் தேடியது.

“எங்கம்மா போற?” சௌம்யா முழங்கையைப் பிடித்தாள்.

“சிரில் அண்ணா வந்துட்டாரு. அப்பாவ...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

சிரில் இதேபோல் ரிமோட்டில் சின்ன விமானம் பறக்கவிடுகிறவர். வாராவாரம் தன்னுடைய ஆம்னி வேனில் இவர்களையும் ஏற்றிக்கொண்டு போவார். அவருக்குச் செய்தி சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. வெயில் தொப்பியோடு இறங்கியவர் வாசலில் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தார். ஹெலிகாப்டரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

“யாரு? உத்தமனா?” என்றார்.  உள்ளே வந்து பெஞ்சருகே வெகுநேரம் நின்றார். “என்னாடா இது, நேத்து போன்ல காத்து கம்மியா இருக்கும் ஜல்தி வந்துருன்னு சொன்னியேடா” என்று அவரிடமே கேட்டார். பிறகு மங்களத்தின் பக்கம் திரும்பி, “சிஸ்டர்” என்று மட்டும் சொன்னார்.

அய்யாவு வேட்டி ஓரத்தில் ஒரு பட்டை கிழித்தார். கால்விரல்களைக் கட்டினார். அடுத்து கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து, இரண்டு கட்டைவிரல்களையும் ஒன்றாக வைத்துச் சுற்றினார். மங்களம் அதைப் பார்த்தாள். எப்போதும் தனித்தனியே நின்று, ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்ந்து, ஒருபோதும் தொட்டுக்கொள்ளாத இரண்டு விரல்கள். ரொம்ப இறுக்குகிறாரே என்று நினைத்தாள்.

“அந்த ரிமோட்டு எங்க?” அய்யாவு கேட்டார். “கொண்டாங்க. கையில வெக்கலாம். ஹெலிகாப்டரையும் அவன் கூடவே அனுப்பிடலாம்.”

“கூடவேன்னா?” சிரில் கேட்டார்.

“குழியிலதான். எங்கப்பாவுக்கு வெத்தல பொட்டிய வெச்சோம். எங்கம்மாவுக்கு கண்ணாடி. இவன் உசுரா வெச்சிருந்தது இதான? நாளைக்கு கனவுல வந்து ‘அண்ணே, அத ஏன் எனக்கு குடுக்கல’ன்னு கேட்டா நான் என்னா சொல்லுவேன்?”

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது ஓடற மிஷினு. மண்ணுல போட்டா ஒரே மழையில போயிடும். எங்கிட்ட குடுங்க, வாராவாரம் அவன் பேர சொல்லி பறக்க வுடறேன். அவன் அதத்தான் கேப்பான்.”

“நீங்க பறக்கவுட்டா அவனுக்கு என்னாங்க? அவன் பாப்பானா?”

“மண்ணுக்குள்ள வெச்சா மட்டும் பாப்பானா?”

இரண்டு பேர் கண்களும் கலங்கியிருந்தன. சண்டை போடுகிற குரல் இல்லை அது. ஒரே ஆளை இரண்டு பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிக்கிறவர்களின் குரல். அய்யாவு கடைசியில் மங்களத்தின் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா. நீ என்னா சொல்றியோ அதான்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். விளக்குத் திரி படபடத்தது. மங்களம் வாயைத் திறந்தாள். தாலிகூட இன்னும் இறங்காத கழுத்தோடு, பிணத்தின் காலடியில் உட்கார்ந்து, எனக்கு அதை ஓட்ட வேண்டும் என்று ஒரு பெண் சொல்ல முடியுமா? இத்தனை பேரும் என்ன நினைப்பார்கள்? மகள் என்ன நினைப்பாள்? அந்த ஒரு மூச்சு தாமதத்தில் முத்தம்மா அவள் தோளில் கை வைத்துவிட்டாள்.

“அவ என்னா சொல்லுவா பாவம்? இத்தினி வருசம் சக்களத்திய சகிச்சிக்கினா. போவட்டும் வுடுங்க. அவருகூடவே போவட்டும். இத பாத்துப் பாத்து இவ ஊட்ல அழுதுனு கெடக்கணுமா?”

யாரோ மூக்கை உறிஞ்சியபடி மெல்லச் சிரித்தார்கள். அய்யாவு தலையாட்டினார். சிரில் வாசலுக்குப் போனார். ஹெலிகாப்டரின் அருகில் குந்தி, பறந்து முடித்த பின் செய்வதுபோல், தொட்டியில் இன்றைக்கென்று நிரப்பியிருந்த எரிபொருளை ஒரு குழாய் வைத்து பாட்டிலில் இறக்கினார். சொட்டு நிற்கும்வரை காத்திருந்து, குழாயைக் கைக்குட்டையால் துடைத்து மாட்டினார்.

“ஸ்வல்பம் காப்பி குடிம்மா” என்று முத்தம்மா டம்ளரை நீட்டினாள். மங்களம் வாங்கிக் கீழே வைத்தாள்.

*

சவ வண்டி வந்துவிட்டது. தமட்டைக்காரர்கள் மர்பி டவுன் முனையில் வைக்கோல் எரித்துப் பறைத்தோலைக் காய்ச்சினார்கள். பூக்காரர் வந்ததும் அய்யாவு சாமந்திச் சரத்தை வாங்கி, ஹெலிகாப்டருக்குத் தானே சுற்றினார். மூக்கில் கொஞ்சம், வாலில் கொஞ்சம், மிச்சத்தை றெக்கைகளில். அவசரத்தில் ஒரு றெக்கையில் கொத்தாகவும் மற்றதில் நாலு பூவாகவும் விழுந்தது.

வாசற்படியிலிருந்து மங்களம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிக் கிளப்பினால் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. உதறி எறிந்துவிடும். எழுந்து போனாள். கனமான பக்கத்திலிருந்து சரத்தைப் பிரித்து மெலிந்த பக்கத்தில் சுற்றினாள். றெக்கைகளை நடுவில் விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் இரண்டு பூவை மாற்றினாள். மறுபடி தூக்கினாள். றெக்கைகள் ஆடி, ஆடி, படுக்கைவாட்டில் நின்றன.

“பாவம், கையால அலங்காரம் பண்றா” என்று யாரோ சொன்னார்கள். சிரில் மட்டும் வேன் கதவில் சாய்ந்தபடி அவளுடைய விரல்களையே பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். ஏதோ கேட்க வந்தவர்போல் ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் அவரைப் பாடை தூக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“பொம்பளைங்க முன்னால வாங்க. வாய்க்கரிசி போடறவங்க போட்டுக்குங்க. பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடணும், கல்பள்ளி இடுகாட்டுக்கு வர வேணாம்” என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

ஒவ்வொருவராகக் குனிந்து அரிசி போட்டார்கள். முத்தம்மா போட்டாள். சௌம்யா மூன்று முறை முயன்று போட்டாள். மணிகள் உதட்டிலிருந்து சரிந்து, கன்னம் வழியாக இறங்கி, நெஞ்சின் மேலிருந்த ரிமோட்டில் பட்டுச் சின்னச் சின்னச் சத்தமிட்டன. அய்யாவு அதைக் கட்டிய கைகளுக்கு அடியில் செருகியிருந்தார். ஏரியல் கம்பி முழுதாக இழுக்கப்பட்டு, அவர் தோளைத் தாண்டி வானத்தைப் பார்த்து நின்றது. மூடத் தெரியாமல் விட்டிருப்பார்கள்.

“அம்மா, உன் கையால போடும்மா” என்றாள் சௌம்யா. “அழுதுடும்மா, ப்ளீஸ்.”

மங்களம் குனிந்தாள். நேற்று மழித்த முகம். காதோரம் சோப்பு நுரை காய்ந்த ஒரு வெள்ளைப் புள்ளி. கட்டைவிரல் நகத்தில் இன்னும் கிரீஸ் இருந்தது. வெயில் முற்றத் தொடங்கியிருந்தது. வழக்கமாக அவர்கள் ஏரி போய்ச் சேர்ந்து, இவர் காற்றைப் பார்க்கக் கொஞ்சம் மண்ணை அள்ளித் தூவும் நேரம். அரிசியை விரல்களிலிருந்து மெல்ல விட்டாள். அது நேராக விழுந்தது. காற்றே இல்லை.

அவருக்குப் பின்னால் சிரிலின் வேன் கூரையில் ஹெலிகாப்டரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு உரசும் சத்தம். இன்னும் கொஞ்ச நேரத்தில் தெருமுனை வரும். அங்கே அவள் நின்றுவிடுவாள். இவர் போவார், அது போகும், அதன் பிறகு எந்த ஞாயிறும் இல்லை.

“தூக்கலாமா?” அய்யாவு கேட்டார். தமட்டைக்காரர்கள் அடிப்பதற்காகக் குச்சியை உயர்த்தினார்கள்.

“இருங்க மாமா.”

அவள் பாடையின் பக்கத்தில் மண்டியிட்டாள். கட்டியிருந்த கைகளின் மேல் தன் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தன. எல்லோரும் அவள் அழப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். சௌம்யா தாங்கிப் பிடிக்கத் தயாராக அருகில் வந்தாள். மங்களம் அவருடைய காதருகே குனிந்தாள். ஆனால் குரல் தாழவில்லை. திறந்த வெளியில், எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், தெரு முழுவதற்கும் கேட்டது.

“ஏங்க. இத எங்கிட்ட குடுங்க. ஒரே ஒரு தடவ, நான் பறக்க வுடணும்.”